வகுப்பறையில் ஹக்கிள்பெரி ஃபின்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க உயர்நிலைப் பள்ளி ஒன்றில் பதினோராம் வகுப்புக்கு அமெரிக்க இலக்கியம் கற்பிக்கிறேன். மார்க் ட்வைனின் இந்த நாவலைக் கையில் எடுக்கும் ஒவ்வோர் ஆண்டும் புதிதாகப் பணிக்கு வந்த ஆசிரியர்கள், பிள்ளைகளின் பையில் இந்தப் புத்தகத்தைப் பார்த்துத் திகைக்கும் பெற்றோர்கள், இடையிடையே மாணவர்கள் என்று பலரும் ஒரே ஐயங்களோடு வருகிறார்கள். அவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்து, நான் சொல்லிவரும் பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன்.

நான் அந்தப் புத்தகத்தைப் படித்ததே இல்லை. கதை என்ன?

உள்நாட்டுப் போருக்கு இருபது ஆண்டுகளுக்கு முந்தைய காலம். மிசௌரி மாநிலத்தில் மிசிசிப்பி ஆற்றங்கரையில் ஒரு சிற்றூர். பதின்மூன்று, பதினான்கு வயதுப் பையனான ஹக், குடிகார அப்பாவிடம் அடிபட்டுச் சாகாமல் தப்பிக்க, தான் கொலையாகிவிட்டதாக ஊரை நம்பவைத்துவிட்டு ஓடுகிறான். மிஸ் வாட்சன் என்ற பெண்மணியிடம் அடிமையாக இருக்கும் ஜிம், தன்னை 800 டாலருக்கு நியூ ஆர்லியன்ஸுக்கு விற்கும் பேச்சு நடப்பதை ஒட்டுக்கேட்டு அவரும் ஓடுகிறார். ஆற்றுத் தீவு ஒன்றில் இருவரும் சந்திக்கிறார்கள். பிறகு ஒரு தெப்பத்தில் ஏறி, பகலில் ஒளிந்தும் இரவில் மிதந்தும் ஆற்றோடு போகிறார்கள்.

கதை முழுவதையும் ஹக்கே தன் வாயால் சொல்கிறான். இந்தப் பக்கத்தில் வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இதிலிருந்துதான் கிளம்புகின்றன.

இது சிறுவர்களுக்கான சாகசக் கதைதானே? பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு எதற்கு?

1876இல் வந்த, ஹக்கின் தோழன் டாம் சாயரைப் பற்றிய கதை அப்படிப்பட்டது. அதன் தொடர்ச்சிபோலத்தான் இதுவும் தொடங்குகிறது. முதல் மூன்று அத்தியாயங்களைப் படித்துவிட்டுக் கீழே வைத்தவர்களுக்கு அந்த எண்ணமே நிற்கும். பிறகு அப்பா வருகிறார். மகனை மரவீட்டில் பூட்டிவைத்து அடிக்கிறார். போதை தலைக்கேறிக் கத்தியோடு துரத்துகிறார். அதற்குப் பின் குடும்பப் பகையில் பையன்கள் சுடப்பட்டு ஆற்றில் விழுகிறார்கள். நடுத்தெருவில் ஒரு குடிகாரன் சுட்டுக் கொல்லப்படுகிறான், கூட்டம் அதை வேடிக்கை பார்க்கிறது. ஒரு சிறுவன் சொல்லும் கதை என்பதால் அது சிறுவர்களுக்கான கதை ஆகிவிடாது.

எந்த வகுப்பில் வைக்கலாம்? எவ்வளவு காலம் ஒதுக்க வேண்டும்?

பதினோராம் வகுப்பு. பெரும்பாலான பள்ளிகளில் அந்த ஆண்டுதான் அமெரிக்க இலக்கியமும் அமெரிக்க வரலாறும் அருகருகே நடக்கின்றன; வரலாற்று ஆசிரியரோடு பேசி இரண்டையும் ஒன்றாக நகர்த்த முடியும். எட்டாம் வகுப்பில் வைப்பதை நான் ஏற்கமாட்டேன். காரணம் பின்னால் வருகிறது. மொத்தம் 43 அத்தியாயங்கள். ஆறு வாரமாவது வேண்டும். அதற்கு இடமில்லை என்றால் வேறு புத்தகம் எடுப்பதே நல்லது. அவசரமாக ஓட்டினால் காயம் மட்டும் மிஞ்சும் புத்தகம் இது.

பேச்சுவழக்கு ஒன்றும் புரியவில்லை என்கிறார்கள். சுருக்க உரையைக் கொடுத்துவிடலாமா?

வேண்டாம். ட்வைன் இந்தப் பேச்சை விளையாட்டாக எழுதவில்லை. ஏழு வகை வட்டார வழக்குகளைப் பிரித்துக் கையாண்டிருப்பதாகப் புத்தகத்தின் தொடக்கத்திலேயே ஒரு விளக்கக் குறிப்பு வைத்திருக்கிறார். கண்ணால் படித்தால் எழுத்துப்பிழைகளின் குவியல்போலத் தெரியும். காதால் கேட்டால் பத்துப் பக்கத்துக்குள் பிடிபட்டுவிடும். முதல் வாரம் நல்ல ஒலிப்புத்தகம் ஒன்றை ஓடவிட்டு, அச்சுப்பக்கத்தை விரலால் தொடர்ந்து வரச் சொல்லுங்கள். கேட்பதற்குமுன் ஐந்தாம் கேள்வியையும் ஆறாம் கேள்வியையும் படித்துவிடுங்கள்.

ஆங்கிலம் தாய்மொழியல்லாத மாணவர்கள் சில வேளைகளில் மற்றவர்களைவிட விரைவாகப் பழகிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். வீட்டில் ஒரு மொழி, தெருவில் ஒரு மொழி என்று வளர்ந்தவர்களுக்கு, ஒலியை வைத்துப் பொருளை எட்டிப்பிடிப்பது புதிதல்ல.

முதல் நாளே முதல் அத்தியாயத்தைத் தொடங்கலாமா?

கூடாது. இரண்டு ஆயத்தங்கள் தேவை. ஒன்று வரலாறு. மிசௌரி 1821இல் அடிமை மாநிலமாகவே ஒன்றியத்தில் சேர்ந்தது. எதிர்க்கரையில் இருக்கும் இல்லினாய் சுதந்திர மாநிலம். தப்பியோடிய அடிமைக்கு உதவுவது, சட்டத்தின் கண்ணில் இன்னொருவர் சொத்தைத் திருடுவது. ஹக் தன்னைத் திருடனாக எண்ணிக்கொள்வது ஏன் என்பது இதை அறிந்த பிள்ளைகளுக்கே புரியும்.

இரண்டாவது, முரண்நகை. பேசுகிறவன் ஒன்றைச் சொல்ல, எழுதுகிறவர் அதன் வழியாக வேறொன்றைக் காட்டுவது. இதற்கு நான் புத்தகத்திலிருந்தே 32ஆம் அத்தியாயத்தின் சில வரிகளை முன்கூட்டியே எடுத்துக்கொள்கிறேன். நீராவிப் படகில் ஏதோ வெடித்துவிட்டதாக ஹக் பொய் சொல்கிறான். யாருக்காவது அடிபட்டதா என்று டாமின் சாலி அத்தை பதறுகிறார். யாருக்கும் இல்லை, ஒரு கறுப்பினத்தவர் செத்துப்போனார் என்கிறான். நல்லவேளை, சில சமயம் மனிதர்களுக்கு அடிபட்டுவிடுகிறதே என்கிறார் அத்தை. அந்த அத்தை அன்பானவர், கடவுளுக்குப் பயந்தவர், வழிப்போக்கனுக்குச் சோறு போடுகிறவர். அவர் வாயிலிருந்து அந்தச் சொற்கள் வருகின்றன. பிள்ளைகள் வகுப்பில் அமைதியாகிவிடுவார்கள். அந்த அமைதியை அவசரப்பட்டு நிரப்பாதீர்கள்.

கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் அந்தச் சொல் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. உரக்கப் படிக்கலாமா?

என் வகுப்பில் யாரும் படிப்பதில்லை. நானும் படிப்பதில்லை, மாணவர்களும் படிப்பதில்லை. எந்த இனத்தவராக இருந்தாலும் இதே விதிதான். உரக்கப் படிக்கும்போது அந்த இடத்தில் நிறுத்திவிட்டு மேலே போகிறோம். கட்டுரையில் மேற்கோள் காட்டினால் முதல் எழுத்தும் கோடும் போதும். ஒலிப்புத்தகத்திலும் முன்பே கேட்டுவைத்த பகுதிகளை மட்டுமே ஓடவிடுகிறேன். அச்சில் அந்தச் சொல் 200 முறைக்கு மேல் வருகிறது. அது வரலாறு, அப்படியே இருக்கட்டும். வாயால் சொல்லும்போது அந்த அறையில் உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளையின்மேல் போய் விழுகிறது. இரண்டும் ஒன்றல்ல.

இந்த விதியை வகுப்பின் வாக்கெடுப்புக்கு விடாதீர்கள். பெரும்பான்மை முடிவு செய்யும் விஷயம் அல்ல இது. புத்தகம் கைக்குப் போவதற்கு முன்பே விதியையும் அதன் காரணத்தையும் எழுதிப் பெற்றோருக்கு அனுப்பிவிடுங்கள். இதை உள்வாங்கும் பக்குவம் பதின்மூன்று வயதில் எல்லாருக்கும் வந்துவிடாது. எட்டாம் வகுப்புக்கு வேண்டாம் என்று நான் சொன்னதன் காரணம் இதுதான்.

அந்தச் சொல்லை நீக்கிய பதிப்பு ஒன்று இருக்கிறதாமே? அதை வாங்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்ததுதானே?

2011இல் ஆலன் கிரிபன் என்ற ட்வைன் ஆய்வாளர் பதிப்பித்த நூல் அது. இழிசொல் வரும் இடங்களில் ‘அடிமை’ என்ற சொல்லை வைத்தார். இந்தச் சொல்லுக்காகவே பல பள்ளிகள் புத்தகத்தைக் கைவிடுகின்றன என்ற அவருடைய கவலை உண்மையானது. ஆனால் நான் அதைப் பயன்படுத்துவதில்லை. அடிமை என்பது ஒருவர்மேல் சட்டம் சுமத்திய நிலை. இழிசொல்லோ, சட்டம் விடுவித்த பிறகும் விடாமல் துரத்துவது. ஆறாம் அத்தியாயத்தில் ஹக்கின் அப்பா, ஒஹாயோவிலிருந்து வந்த ஒரு கறுப்பினப் பேராசிரியரைக் கண்டு கொதிக்கிறார். அவர் பல மொழிகள் அறிந்தவர், சொந்த ஊரில் ஓட்டுரிமை உள்ளவர், யாருக்கும் அடிமையாக இல்லாதவர். எழுதப் படிக்கத் தெரியாத அந்தக் குடிகாரர் அவரையும் அதே சொல்லால்தான் வைகிறார். அங்கே ‘அடிமை’ என்று எழுதினால் ட்வைன் காட்டவந்த அருவருப்பே கரைந்துபோகிறது.

சரி, புத்தகமே இனவெறிப் புத்தகம் என்கிறார்களே, அது உண்மையா?

இந்தப் புத்தகத்தை எதிர்த்தவர்கள் எல்லாரும் ஒரே காரணத்துக்காக எதிர்க்கவில்லை. அமெரிக்காவில் வெளியான 1885ஆம் ஆண்டிலேயே மாசசூசெட்ஸின் கான்கார்ட் பொது நூலகம் இதை விலக்கியது. புத்தகம் நாகரிகமற்றது, கொச்சையானது என்பதே அன்றைய புகார். இனம் பற்றி அங்கே பேச்சில்லை. ஒரு நூற்றாண்டு கழித்து, 1982இல் வர்ஜீனியாவில் மார்க் ட்வைன் பெயரையே தாங்கிய பள்ளியில் கறுப்பின நிர்வாகி ஒருவர், இது கறுப்பினப் பிள்ளைகளை அவமதிக்கிறது என்று எதிர்த்தார். முதல் எதிர்ப்பை எளிதாகத் தள்ளிவிடலாம். இரண்டாவதைத் தள்ள முடியாது.

என் கருத்து இது: புத்தகத்தின் நெஞ்சு அடிமை முறைக்கு எதிரானது. ஆனால் ஜிம்மை வைத்து எழுப்பப்படும் சிரிப்பில், வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பினத்தவரைக் கேலி செய்த அக்கால மேடைக் கூத்தின் சாயல் படிந்திருக்கிறது. இரண்டையும் மாணவர்களிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பெரிய எழுத்தாளர் என்பதற்காக அவருக்கு வக்கீலாக நிற்க வேண்டியதில்லை.

என் வகுப்பில் ஒரே ஒரு கறுப்பின மாணவி இருக்கிறாள். என்ன செய்வது?

முதலில், செய்யக்கூடாதது. “உனக்கு இது எப்படி இருக்கிறது?” என்று அனைவர் முன்னாலும் கேட்காதீர்கள். ஓர் இனத்தின் பேச்சாளராக நிற்பது எந்தப் பிள்ளையின் வேலையும் அல்ல. கடினமான பகுதி வரும்போது அவள் முகத்தைப் பார்க்காதீர்கள்; நீங்கள் பார்த்தால் முப்பது தலைகள் திரும்பும்.

செய்ய வேண்டியது, புத்தகம் தொடங்குவதற்கு முன்பே குடும்பத்தோடு பேசுவது. மாற்றுப் புத்தகம் ஒன்று அதே தரத்தில், அதே மதிப்பெண்ணோடு தயாராக இருக்க வேண்டும். அதைத் தேர்ந்தெடுக்கும் பிள்ளை தண்டிக்கப்பட்டதுபோல நூலக மூலையில் தனியே உட்காரக் கூடாது. ஃபிரெடரிக் டக்ளஸ் 1845இல் எழுதிய தன்வரலாற்றை நான் எல்லாருக்குமே வைக்கிறேன், ஹக்குக்கு முன்னால். அடிமைத்தனத்திலிருந்து தப்பிய மனிதர் தன் கையாலேயே எழுதியதைப் படித்துவிட்டு வருகிற வகுப்பு, ஹக்கின் கண்ணை மட்டும் நம்பிக்கொண்டு ஜிம்மைப் பார்ப்பதில்லை.

எதிர்க்கரையில்தானே சுதந்திர மாநிலம்? ஜிம் ஏன் நீந்திப்போகாமல் தெற்கே போகிறார்?

நுணுக்கமாகப் படிக்கிற மாணவர் ஒருவர் தவறாமல் கேட்பது இது. பாராட்டிவிட்டு வரைபடத்தை விரியுங்கள். இல்லினாயில் அடிமை முறை இல்லை. ஆனால் விடுதலைச் சான்று கையில் இல்லாத கறுப்பினத்தவரைப் பிடித்துவைக்க அங்கே சட்டம் இருந்தது. ஜிம்மின் தலைக்கு 300 டாலர் பரிசு வேறு. எனவே திட்டம் இப்படி: இல்லினாயின் தென்கோடியில் இருக்கும் கேரோ என்ற ஊர்வரை தெப்பத்தில் போய், அங்கே மிசிசிப்பியோடு கலக்கும் ஒஹாயோ ஆற்றில் நீராவிப் படகு ஏறி, வடகிழக்கே ஆள்பிடிப்போர் கைக்கு எட்டாத தொலைவுக்குப் போய்விடுவது.

மூடுபனியில் கேரோவைத் தவறவிடுகிறார்கள். காலையில் கரையோரம் தெளிந்த ஒஹாயோ நீரும் அதற்கு அப்பால் மிசிசிப்பியின் சேற்று நீரும் அருகருகே ஓடுவதைக் கண்டுதான் ஊரைத் தாண்டிவிட்டது தெரிகிறது. ட்வைன் படகோட்டியாக உரிமம் பெற்று அந்த ஆற்றில் வேலை செய்தவர். தெப்பத்தை எதிர்நீரில் செலுத்த முடியாது. கூட இருந்த சிறு படகும் காணாமல் போகிறது. அதன்பின் ஒவ்வொரு மைலும் ஜிம்மை அடிமை நிலத்தின் ஆழத்துக்குக் கொண்டுபோகிறது. ஹக்குக்கு ஆறு விடுதலையாகத் தெரிகிற நாட்களில் ஜிம்முக்கு அது என்னவாக இருந்திருக்கும் என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

ஜிம் ஏன் இவ்வளவு ஏமாளியாக வருகிறார்?

சில இடங்களில் ட்வைனின் குறைதான். எட்டாம் கேள்வியில் சொன்னேன். ஆனால் நாம் பார்ப்பது ஹக் பார்த்த ஜிம் என்பதை மறக்காதீர்கள். இரண்டாம் அத்தியாயத்தில் டாம் அவர் தொப்பியைக் கழற்றி மரக்கிளையில் மாட்டுகிறான். அவர் அதைச் சூனியக்காரிகளின் கதையாக்கி, கேட்க ஆட்கள் பல மைல் கடந்து வரும் அளவுக்கு வளர்க்கிறார். ஏமாந்தது யார்? வெள்ளையர் முன் ஒன்றும் தெரியாதவர்போல இருப்பது ஓர் அடிமை உயிர் பிழைக்கும் வழி. மிதந்துவந்த வீட்டில் கிடந்த பிணம் ஹக்கின் அப்பா என்று ஒன்பதாம் அத்தியாயத்திலேயே அவருக்குத் தெரியும். பையன் முகத்தைப் பார்க்கவிடாமல் மூடிவிட்டு, கடைசி அத்தியாயம்வரை சொல்லாமல் காக்கிறார். அது கருணையா, அல்லது அப்பா செத்தது தெரிந்தால் ஹக் வீடு திரும்பிவிடுவான் என்ற கணக்கா? இரண்டுமாகவும் இருக்கலாம். கணக்குப் போடத் தெரிந்த மனிதர் ஏமாளி அல்ல.

பதினைந்தாம் அத்தியாயத்தை மட்டும் ஒரு முழு வகுப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். பனியில் பிரிந்து திரும்பிய ஹக், அதெல்லாம் கனவு என்று ஜிம்மை ஏமாற்றுகிறான். ஜிம் தெப்பத்தில் கிடக்கும் சருகையும் குப்பையையும் காட்டி, நண்பன் தலையில் அழுக்கைக் கொட்டி அவமானப்படுத்துகிறவர்கள்தான் குப்பை என்கிறார். ஓர் அடிமை ஒரு வெள்ளைப் பையனிடம் பேசிய பேச்சு அது. ஹக் மன்னிப்புக் கேட்கிறான். அதற்கு மனம் வர அவனுக்குப் பதினைந்து நிமிடம் ஆகிறது. அந்தப் பதினைந்து நிமிடத்தில் அவனுக்குள் என்ன நடந்தது என்பதைப் பற்றி மணியடிக்கும்வரை பேசலாம்.

31ஆம் அத்தியாயத்தை எப்படி நடத்துவது?

வழியில் தெப்பத்தில் ஏறிக்கொண்ட மோசடிக்காரர்கள் ஜிம்மைத் தூக்கிவிற்றுவிட்டார்கள். அவர் இருக்கும் இடத்தை மிஸ் வாட்சனுக்குத் தெரிவித்து ஹக் ஒரு கடிதம் எழுதுகிறான். எழுதியதும் பாவம் கழுவப்பட்டதுபோல மனம் லேசாகிறது. பிறகு தெப்பத்தில் தனக்குப் பதிலாக ஜிம் விழித்திருந்து காவல் காத்த இரவுகள் நினைவுக்கு வருகின்றன. சரி, நரகத்துக்கே போகிறேன் என்று கடிதத்தைக் கிழிக்கிறான். அவனுக்கு நரகம் உவமை அல்ல, உண்மையான இடம். நல்ல மனமும் கோணலாக வளர்க்கப்பட்ட மனசாட்சியும் மோதி, மனசாட்சி தோற்கும் கதை இது என்று ட்வைன் 1895இல் குறித்துவைத்தார்.

இங்கே ஒரே எச்சரிக்கை. “மனசாட்சிப்படி நட” என்ற நீதிபோதனையாக இதை மாற்றிவிடாதீர்கள். பள்ளியும் தேவாலயமும் ஊரும் சேர்ந்து ஒரு பிள்ளையின் மனசாட்சியையே தவறாக வளர்க்க முடியும் என்பதுதான் ட்வைன் சொன்னது. பதினாறு வயதில் இதைக் கேட்கும் பிள்ளை, தனக்குச் சொல்லித்தரப்பட்டவற்றைப் பற்றியும் யோசிக்கத் தொடங்கும். யோசிக்கட்டும்.

அப்படியானால் ஹக் திருந்திவிட்டான், அடிமை முறைக்கு எதிரானவன் ஆகிவிட்டான் என்று சொல்லலாமா?

சொல்ல முடியாது. மாணவர் கட்டுரைகளில் நான் மிகுதியாகச் சிவப்பு மை போடும் வாக்கியம் இதுதான். சாலி அத்தையிடம் ஹக் பொய் சொன்னதை ஐந்தாம் பதிலில் பார்த்தோம். அது கடிதத்தைக் கிழித்ததற்கு அடுத்த அத்தியாயம். அதற்கும் அடுத்ததில், ஜிம்மைத் திருட உதவுகிறேன் என்று டாம் சொன்னதும், நல்ல குடும்பத்துப் பையன் இப்படிச் செய்யலாமா என்று ஹக்கின் கண்ணில் டாம் தாழ்ந்துபோகிறான். ஹக் ஜிம்மை நேசிக்கிறான். ஜிம்மைக் கட்டிய முறை தவறு என்று அவன் ஒருமுறைகூட எண்ணுவதில்லை.

கடைசி அத்தியாயங்கள் இழுவையாக இருக்கின்றன. 31ஓடு நிறுத்திவிடலாமா?

ஹெமிங்வேயும் அதைத்தான் சொன்னார். நவீன அமெரிக்க இலக்கியம் முழுவதும் இந்த ஒரு புத்தகத்திலிருந்து வந்தது என்று 1935இல் எழுதியவர், ஜிம் களவுபோகும் இடத்தோடு நிறுத்திவிடுங்கள் என்றும் சேர்த்தே எழுதினார். அதற்குப் பின் பல அத்தியாயங்களுக்கு டாம் சாயர், சாலி அத்தை வீட்டுக் கொட்டிலில் அடைபட்ட ஜிம்மை வைத்துச் சிறைமீட்பு நாடகம் நடத்துகிறான். எலி, பாம்பு, கயிற்று ஏணி எல்லாம் உண்டு. கடைசியில் வெளிவருவது, மிஸ் வாட்சன் இறக்கும்முன் உயிலில் ஜிம்முக்கு விடுதலை கொடுத்துவிட்டார் என்பதும் டாமுக்கு அது முதலிலிருந்தே தெரியும் என்பதும்.

எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் விடாதீர்கள். ட்வைன் இதை முடித்தது 1883இல். போருக்குப்பின் கறுப்பினத்தவருக்கு உரிமை தரும் முயற்சி 1877இல் கைவிடப்பட்டிருந்தது. அதே 1883இல் உச்ச நீதிமன்றம் 1875ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டத்தை வெட்டிச் சாய்த்தது. சட்டப்படி சுதந்திரமான மனிதரைப் பிறர் பொழுதுபோக்குக்காகக் கொட்டிலில் கட்டிவைக்கும் காட்சியை அந்தப் பின்னணியில் படித்துப்பாருங்கள். ட்வைன் அப்படித் திட்டமிட்டாரா என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போவதில்லை. திட்டமிடாவிட்டாலும் அந்த எரிச்சல் பயனுள்ளது. வேகமாக நடத்துங்கள், ஆனால் 42ஆம் அத்தியாயத்தில் நில்லுங்கள். குண்டடிபட்ட டாமுக்காக ஜிம் ஒளிவிடத்தைவிட்டு வெளியே வந்து மறுபடி பிடிபடும் இடம் அது.

பெர்சிவல் எவரெட்டின் ‘ஜேம்ஸ்’ வந்துவிட்டதே. இதற்குப் பதிலாக அதையே வைக்கலாமே?

2024இல் வந்து, அந்த ஆண்டின் தேசியப் புத்தக விருதையும் 2025இன் புலிட்சரையும் வென்ற நாவல். அதே கதையை ஜிம்மின் வாயால் சொல்கிறது. வெள்ளையர் முன் பேசும் பேச்சு அடிமைகள் அணியும் முகமூடி என்று காட்டும் புத்தகம் என்பதால், பதினோராம் கேள்வியில் நான் தயங்கிச் சொன்னதை அது துணிந்து சொல்கிறது. நேரம் இருந்தால் இரண்டையும் வையுங்கள். ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் ‘ஜேம்ஸ்’ஐ எடுப்பவரை நான் குறை சொல்லமாட்டேன்.

நாங்கள் இந்தியாவிலிருந்து வந்தவர்கள். எங்கள் பிள்ளை இந்தப் பழங்கதையை ஏன் சுமக்க வேண்டும்?

இங்கே பிறந்த உங்கள் பிள்ளை பிறப்பாலேயே குடிமகன் ஆனது, விடுதலையான அடிமைகளுக்காக 1868இல் கொண்டுவரப்பட்ட பதினான்காம் திருத்தத்தால். நாடு வாரியான பழைய ஒதுக்கீட்டை நீக்கி இந்தியர்களுக்குக் கதவைத் திறந்த 1965ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம், கறுப்பினத்தவரின் உரிமைப் போராட்டம் எழுப்பிய அலையில் வந்தது. இது உங்கள் பிள்ளையின் வரலாறும்தான்.

கட்டுரைக்கு என்ன கேள்வி கொடுப்பது? இணையத்தில் எல்லாவற்றுக்கும் பதில் இருக்கிறதே.

‘ஆறு எதைக் குறிக்கிறது’ போன்ற கேள்விகளைக் கைவிடுங்கள். புத்தகத்தின் உள்ளே அலையவைக்கும் கேள்வி கொடுங்கள். நான் விரும்பிக் கொடுப்பது நாற்பது டாலர். பதினாறாம் அத்தியாயத்தில், தெப்பத்தில் பெரியம்மை என்று நம்பி விலகிப்போகும் ஆள்பிடிப்போர் இருவர், ஆளுக்கொரு இருபது டாலர் தங்கக் காசை ஹக்குக்கு அனுப்புகிறார்கள். 31இல் ஜிம் விற்கப்படுவது நாற்பது டாலருக்கு. கடைசி அத்தியாயத்தில், பொறுமையாகக் கைதியாக இருந்ததற்காக டாம் ஜிம்முக்குக் கொடுப்பதும் நாற்பது டாலர். மூன்று இடங்களிலும் யார் கொடுக்கிறார்கள், எதற்கு விலையாக, வாங்கியவர் என்ன நினைக்கிறார் என்று எழுதச் சொல்லுங்கள். கடைசி நாற்பதை வாங்கும்போது ஜிம் மகிழ்ச்சியோடு பேசுகிறார். அந்த மகிழ்ச்சியை நம்பலாமா என்று புத்தகத்தின் வரிகளைக் காட்டி வாதிடும் மாணவருக்கு, எந்தப் பக்கம் நின்றாலும், முழு மதிப்பெண் கொடுங்கள்.